எழுபத்து நாலாம் பக்கம்

டுலூத்தில் புதன் இரவு. மைனஸ் இருபத்திரண்டு.
ஆர்விட்டின் சைலன்சர் பட்டறைப் பின்னறையில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
மேசை நடுவே உறை கிழிக்காத புதுப் பதிப்பு,
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
அடுத்த வீட்டுக்கு வந்த பார்சல் மாதிரி.
யாரும் தொடவில்லை.

டெல்ஃபின்தான் ஆரம்பித்தாள்:
'இதில் சண்டைக் கணக்கு சுருக்கம்.
காலை ஐந்து மணிக்கு எனக்கு ஷிஃப்ட்.
ஒற்றை ஓநாயைக் கொல்ல
ஒன்றரை மணி நேரம் என்னிடம் இல்லை.'

லோவெல் தன் பழைய விதிநூலை
மார்போடு அணைத்துக்கொண்டான்.
பிய்ந்த முதுகில் வெள்ளி டேப் மூன்று சுற்று.
'சாவே இல்லாவிட்டால் அது ஆட்டமில்லை,' என்றான்,
'தாலாட்டு.'

நான் வரைபடக்காரி.
எந்தப் பதிப்பானாலும் சதுரம் சதுரம்தான்.
பேசாமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

அப்போது கிப் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டான்.
சொல்லக்கூடாது என்று எந்த நூலிலும் இல்லை,
ஆனாலும் பதினோரு வருஷமாக
யாரும் மீறாத விதி அது.
'இது அப்போதே வந்திருந்தால்
ஹாலிஸ் போயிருக்க மாட்டான்.'

ஹாலிஸின் குள்ளன், சாம்பல்தாடி ப்ரொக்.
தொங்குபாலத்தின் நடுவில் நின்று
எங்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டு
விழுந்தான். உயிர்ப்புள்ளி
பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று.
ஒன்றே ஒன்று.
'கீழே போனால் செத்தான், அவ்வளவுதான்'
என்றது திரைக்குப் பின்னால் ஆர்விட்டின் குரல்.
ஹாலிஸ் சிரித்தபடி
நாலு வருஷம் வளர்த்த ஆளை
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
அடுத்த புதன் வரவில்லை.
அதற்கடுத்த புதன், சுபீரியர் பக்கம் வேலை என்றான்.
பாலம் தாண்டினால் சுபீரியர்.
பன்னிரண்டு நிமிஷம்.

கிப் உறையைக் கிழித்தான்.
'விழுந்தவனுக்குப் புதுசில் மூன்று வீச்சு.
இரண்டு நன்றாக விழுந்தால் மூச்சு உண்டு.
மூன்று வீச்சு, ஆர்விட்!'

'உள்ளதைத்தானே ஆடினோம்,' லோவெல் எழுந்தான்.
'என் நூலில் இருக்கிறது, காட்டுகிறேன் பார்.'
டேப் கிறீச்சிட்டது.
எழுபத்து நாலு. விரல் வைத்து வாசித்தான்.
நின்றான்.
மறுபடி முதலிலிருந்து, உதடு மட்டும் அசைய.

காப்பிக் கறைக்குள்,
அட்டவணைக்கு அடியில், எறும்பு எழுத்தில்
ஓர் அடிக்குறிப்பு:
அடுத்த சதுரத்தில் தோழன் இருந்து
அந்தச் சுற்றிலேயே காயம் கட்டினால்
மைனஸ் பத்து வரை சாவு காத்திருக்கும்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
அந்த வரைபடம் பச்சைக் கோப்பில் இருக்கிறது.
எடுக்கத் தேவையில்லை.
கடைசியாகக் கடந்தவள் என் வில்காரி.
இடைவெளி ஒரு சதுரம்.
அவள் பையில் ஏழு முழம் கட்டுத்துணி,
என் கையெழுத்தில்.

ஆர்விட் திரையை மடித்தான்.
அதற்குப் பின்னால் என்ன இருந்ததென்று
அன்றுதான் பார்த்தேன்.
பாதி டோனட். கால்குலேட்டர்.
ஒரு காது ஒடிந்த மூக்குக்கண்ணாடி.
'அப்போதே கண் மங்கல்தான்,' என்றான்.
'சொல்ல வெட்கம்.'

கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.
பிறகு லோவெல்:
'அப்படியானால் பழையதை ஒழுங்காக
ஒரு தடவையாவது ஆடிப் பார்ப்போம்.'
'ஒழுங்காகவா? நீயா?' என்றாள் டெல்ஃபின்.
மறுபடி பற்றிக்கொண்டது.

வெளியே வந்தேன். வண்டி இரண்டு முறை முனகியது.
ஏரிமுனையில் பாலத்து விளக்குகள்.
பழைய எண்ணைத் தேடி எடுத்தேன்.
'ப்ரொக் செத்திருக்க வேண்டியதில்லை'
என்று எழுதினேன். அழித்தேன்.
'எழுபத்து நாலாம் பக்கம் பார்த்திருக்கிறாயா?'
அனுப்பினேன்.

கண்ணாடியில் கையகலம் பனி உருகுவதற்குள்
பதில் வந்துவிட்டது.
'அன்றைக்கே பார்த்தேன்.
நீ கட்டுவாய் என்று காத்திருந்தேன்.'

வண்டி இன்னும் சூடாகவில்லை.